உப்பு கேட்ட குழந்தை

1940ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு சிறிய கட்டுரை வெளிவந்தது. பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸில் குழந்தை மருத்துவராக இருந்த லாசன் வில்கின்ஸும், அங்கேயே எலிகளின் நடத்தையை ஆராய்ந்துகொண்டிருந்த கர்ட் ரிக்டரும் சேர்ந்து எழுதியது. மூன்றரை வயதில் இறந்துபோன ஒரு பையனைப் பற்றியது. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் நினைவிலிருந்து எழுதிக்கொடுத்த விவரங்கள்தான் அந்தக் கட்டுரைக்கு உயிர்.

ஒரு வயது ஆனபோது பிஸ்கட்டின் மேல் ஒட்டியிருக்கும் உப்பை மட்டும் நக்கித் தின்பானாம். ஒன்றரை வயதில் உப்புக் குப்பி அவன் கண்ணில் பட்டுவிட்டது. கொட்டி, விரலால் தொட்டுத் தொட்டுத் தின்றான். முதன்முதலில் பேசக் கற்றுக்கொண்ட சொற்களில் உப்பும் ஒன்று. கொடுக்காவிட்டால் அழுவான். இனிப்பில் நாட்டமில்லை, உப்பு போட்டது எதுவானாலும் வேண்டும். தண்ணீரும் நிறையக் குடிப்பான். வயதுக்கு மீறிய உடல் வளர்ச்சி தெரிந்ததால் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுக்கும் வழக்கமான சாப்பாடுதான் அவனுக்கும். ஏழு நாளில் இறந்துபோனான்.

ரிக்டருக்கு இந்தக் கதை உடனே புரிந்தது. சில ஆண்டுகளுக்கு முன்புதான் அவர் எலிகளின் அட்ரினல் சுரப்பியை அகற்றிப் பார்த்திருந்தார். வெறும் தண்ணீரும் தீனியும் கொடுத்தால் அவை சில நாட்களில் செத்தன. பக்கத்தில் உப்புத் தண்ணீரையும் வைத்தால் அதைத் தேடித் தேடிக் குடித்துப் பிழைத்துக்கொண்டன. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பால்டிமோர்ப் பையனும் அதையேதான் செய்திருக்கிறான். அவன் உடம்பு உப்பைச் சிறுநீரில் இழந்துகொண்டே இருந்தது. நாக்கு அதை ஈடுகட்டிக்கொண்டே இருந்தது. காரணம் தெரியாமலேயே அவனைப் பெற்றவர்கள் கேட்ட உப்பைக் கொடுத்து இரண்டு வருடங்களுக்கு மேல் காப்பாற்றியிருக்கிறார்கள்.

அரிய நோயுள்ள குழந்தையை வளர்ப்பவர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பெற்றோர்தான். வீட்டில் இருந்தவர்கள் கண்ணால் கண்டு தெரிந்துவைத்திருந்தது, மருத்துவமனையில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. மருந்து வந்துவிட்டது, மரபணுவின் முகவரிகூடக் கிடைத்துவிட்டது. ஆனாலும் அந்தப் பையனுக்கு இருந்தது போன்ற நோயில் பெற்றோரின் கண்ணுக்கு இருக்கும் இடம் குறையவில்லை.

அட்ரினல் சுரப்பிகள் இரண்டு. சிறுநீரகம் ஒவ்வொன்றின் மேல்நுனியிலும் ஒன்று. பெரியவர்களுக்கே ஒவ்வொன்றும் நான்கைந்து கிராம்தான் இருக்கும். அதன் வெளிப்பகுதி மூன்று வகை ஹார்மோன்களைச் செய்கிறது. ஆல்டோஸ்டிரோன், உப்பைச் சிறுநீரில் போகவிடாமல் பிடித்து வைக்கிறது. கார்டிசால், பட்டினியிலும் காய்ச்சலிலும் ரத்தச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் விழாமல் பார்த்துக்கொள்கிறது. மூன்றாவது வகை, ஆண்ட்ரோஜன் எனப்படும் ஆண்தன்மை ஹார்மோன்கள். பெண்களுக்கும் இவை சிறிதளவு சுரக்கும்.

மூன்றுக்கும் மூலப்பொருள் ஒன்றே: கொலஸ்ட்ரால். நொதிகள் அதைப் படிப்படியாக மாற்றுகின்றன. 21-ஹைட்ராக்சிலேஸ் என்ற ஒரு நொதி பிறவியிலேயே பழுதாக இருந்தால், கார்டிசாலுக்கும் ஆல்டோஸ்டிரோனுக்கும் போகும் பாதை அடைபடுகிறது. கார்டிசால் போதவில்லை என்று கண்ட மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரி, அட்ரினலை மேலும் மேலும் விரட்டுகிறது. அட்ரினல் வீங்கிப் பெருக்கிறது. மடை அடைத்த வாய்க்காலில் தண்ணீரை மேலும் திறந்துவிட்டால் கரை வழிந்து பக்கத்து வயலுக்குள் பாயுமே, அப்படி, தேங்கிய மூலப்பொருள் முழுக்க அடைபடாத ஒரே பாதையில் வழிந்து ஆண்ட்ரோஜனாகிறது. சுரப்பி பெரிதாக இருக்கும், தேவையானது சுரக்காது, தேவையில்லாதது பெருகும். பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி என்பது இதன் பெயர். மருத்துவர்களும் பெற்றோரும் சி.ஏ.ஹெச். என்றே சொல்கிறார்கள். பால்டிமோர்ப் பையனின் விவரங்களைப் படிக்கும் இன்றைய மருத்துவர் இதைத்தான் முதலில் சந்தேகிப்பார்.

கருவிலேயே ஆண்ட்ரோஜன் பெருகுவதால் பெண் குழந்தையின் பிறப்புறுப்பு வெளித்தோற்றத்தில் வழக்கம்போல் இருக்காது. ஆணா பெண்ணா என்று பிரசவ அறையில் உடனே சொல்ல முடியாமல் போகலாம். கருப்பையும் சினைப்பைகளும் உள்ளே இயல்பாகவே இருக்கும். பெற்றோருக்கு அது பெரிய அதிர்ச்சிதான். ஆனால் அந்த வித்தியாசம்தான் அந்தக் குழந்தையின் உயிரைக் காப்பாற்றுகிறது, ஏனென்றால் உடனே பரிசோதனை நடக்கும். தோற்றத்தைத் திருத்தும் அறுவை சிகிச்சைக்கு அவசரப்பட வேண்டியதில்லை. 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றபடி இத்தகைய அறுவை சிகிச்சையைக் குழந்தைகளுக்குச் செய்யத் தமிழ்நாடு அரசு தடை விதித்தது. இந்தியாவில் இதைச் செய்த முதல் மாநிலம் தமிழ்நாடுதான்.

ஆண் குழந்தைக்கு வெளியில் ஒரு அடையாளமும் இருக்காது. எடை சரி, அழுகை சரி, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டாவது வாரத்தில் பால் குடிப்பது குறையும். வாந்தி வரும். எடை ஏறாது, இறங்கும். குழந்தை துவண்டு கிடக்கும். ரத்தத்தில் சோடியம் சரிந்து பொட்டாசியம் ஏறியிருக்கும். கடுமையான வகையில் நான்கில் மூன்று குழந்தைகள் இப்படி உப்பை இழப்பவர்கள். வயிற்றுப்போக்கு, கிருமித் தொற்று என்று எண்ணிச் சிகிச்சை நடக்கும்போதே குழந்தை கைநழுவிப் போவதுண்டு.

இதற்கான வைத்தியம் 1950இல் கிடைத்தது. கிடைத்த விதம் அழகானது. மூட்டு வாதத்துக்காகக் கார்டிசோன் அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்தது. அதற்காக கெண்டல், ரைக்ஸ்டைன், ஹெஞ்ச் மூவரும் அந்த ஆண்டு நோபல் பரிசு பெற்றார்கள். உப்புத் தின்ற பையனைப் பற்றி எழுதிய அதே வில்கின்ஸ், சி.ஏ.ஹெச். குழந்தைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். பெருத்துப்போன சுரப்பிக்கு, அது செய்யும் சரக்கையே மேலும் கொடுப்பது முரணாகத் தோன்றலாம். ஆனால் வேண்டியது கிடைத்துவிட்டது என்று பிட்யூட்டரி தெரிந்துகொண்டதும் விரட்டுவதை நிறுத்தியது. ஆண்ட்ரோஜன் வெள்ளம் வடிந்தது. பாஸ்டனில் பார்ட்டர், ஆல்பிரைட் குழுவினரும் அதே காலத்தில் இதையே கண்டார்கள். பத்து வருடங்களுக்கு முன்பு குழந்தைகளைக் கொண்டுபோன நோய், மருந்தால் கட்டுப்படும் நோயாகிவிட்டது.

கட்டுப்படுத்த வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்கள். மருந்தின் பெயர் ஹைட்ரோகார்டிசோன். உடம்பு சுரக்கும் கார்டிசாலேதான் அது. ரத்தத்தில் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும், அதனால் ஒரு நாளைக்கு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். உப்பைப் பிடித்து வைக்க ஃப்ளூட்ரோகார்டிசோன் தனி. தாய்ப்பாலில் உப்பு குறைவு என்பதால் கைக்குழந்தைக்கு முதல் வருடம் நாளொன்றுக்கு ஒன்று முதல் இரண்டு கிராம் வரை உப்பும் பாலோடு பிரித்துக் கொடுக்கச் சொல்வார்கள். நம் வீடுகளில் இங்கேதான் முதல் தகராறு வரும். ஒரு வயது வரைக்கும் பிள்ளைக்கு உப்பு காட்டக் கூடாது என்று பாட்டி சொல்வார். மற்ற குழந்தைகளைப் பொறுத்தவரை அவர் சொல்வதும் சரிதான். இந்தக் குழந்தைக்கு அது பொருந்தாது என்று பொறுமையாகச் சொல்லிப் புரியவைக்கும் வேலை தாயின் தலையில் விழுகிறது.

அளவைப் பாருங்கள். உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை என்பது கணக்கு. பிறந்த குழந்தையின் உடல் பரப்பு கால் சதுர மீட்டர்கூடத் தேறாது. அப்படியென்றால் ஒரு வேளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம். கடையில் கிடைப்பது 5, 10, 20 மில்லிகிராம் மாத்திரை. 5 மில்லிகிராம் மாத்திரையை நுணுக்கி 5 மில்லி தண்ணீரில் கலக்கி, ஊசியில்லாத சிரிஞ்சில் 1 மில்லி இழுத்து, கன்னத்தின் உட்புறம் மெதுவாக விடச் சொல்கிறார் மருத்துவர் என்று வைத்துக்கொள்வோம். இந்த மருந்து தண்ணீரில் முழுதாகக் கரையாது, அடியில் தங்கும். கலக்கிய கையோடு, கலங்கலாக இருக்கும்போதே இழுக்க வேண்டும். தெளிந்த பிறகு மேலாக இழுத்தால் குழந்தைக்குப் போவது பெரும்பாலும் தண்ணீர். அடியில் இழுத்தால் இரண்டு வேளை மருந்து ஒரே வேளையில். காலை ஆறு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில், நெளியும் குழந்தையை மடியில் இடுக்கிக்கொண்டு இதைச் செய்கிறார்கள்.

குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். குறைந்தால் ஆண்ட்ரோஜன் மறுபடி பெருகும். குழந்தை வகுப்பிலேயே உயரமாக வளரும், பார்ப்பவர்கள் பாராட்டுவார்கள். ஆனால் எலும்பு வயதை மீறி முதிர்ந்து, வளர்ச்சி சீக்கிரமே நின்றுபோய், பெரியவரானதும் குள்ளமாகிவிடும். கூடினால் ஸ்டீராய்டே வளர்ச்சியைத் தடுக்கும், உடம்பு ஊதும். அதனால்தான் சில மாதங்களுக்கு ஒருமுறை எடை, உயரம், ரத்தப் பரிசோதனை. கொஞ்சம் வளர்ந்ததும் அவ்வப்போது இடது மணிக்கட்டு எக்ஸ்ரே. குழந்தை வளர வளர அளவும் மாறிக்கொண்டே இருக்கும்.

ஸ்டீராய்டு என்ற பேச்சை எடுத்தாலே சொந்தக்காரர்கள் பதறுவார்கள். சின்னப் பிள்ளைக்கு ஏன் இந்த மருந்து, நிறுத்திவிட்டு வேறு வைத்தியம் பார்க்கலாமே என்பார்கள். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். ஆஸ்துமாவுக்கோ மூட்டு வலிக்கோ உடம்பில் இருப்பதற்கு மேல் கொடுக்கும் ஸ்டீராய்டு வேறு. இங்கே உடம்பில் இல்லாததை, இயல்பாகச் சுரந்திருக்க வேண்டிய அளவை ஒட்டித் திருப்பிக் கொடுக்கிறோம். இதை நிறுத்தினால் குழந்தை இறந்துபோகும்.

சாதாரண நாட்கள் பழகிவிடும். காய்ச்சல் வரும் நாள்தான் சோதனை.

நமக்குக் காய்ச்சல் வந்தால் அட்ரினல் தானாகவே கார்டிசாலைப் பல மடங்கு கூட்டிச் சுரக்கிறது. கிருமியோடு போராடும் உடம்புக்குச் சர்க்கரை வேண்டும், ரத்த நாளங்கள் தளராமல் இருக்க வேண்டும். நமக்குத் தெரியாமலே இதெல்லாம் நடந்து முடிந்துவிடுகிறது. சி.ஏ.ஹெச். குழந்தையின் உடம்பில் இந்த முடிவை எடுக்க ஆளில்லை. அதைத் தெர்மாமீட்டரோடு உட்கார்ந்திருக்கும் அப்பாவோ அம்மாவோ எடுக்க வேண்டும். 101 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினால் ஹைட்ரோகார்டிசோன் இரண்டு மடங்கு, 102ஐத் தாண்டினால் மூன்று மடங்கு என்பது பரவலாகப் பின்பற்றும் கணக்கு. ஒவ்வொரு குழந்தைக்கும் அவரவர் மருத்துவர் எழுதிக்கொடுக்கும் சீட்டுதான் சட்டம். அது பெரும்பாலும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும். வெறும் சளிக்கோ, பரீட்சை பயத்துக்கோ, ஓடி விளையாடுவதற்கோ கூட்ட வேண்டியதில்லை. எலும்பு முறிந்தால், அறுவை சிகிச்சை என்றால் கூட்டியே ஆக வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அட்ரினல் சுரப்பியின் உட்பகுதி அட்ரினலினைச் செய்கிறது. அதைச் சுற்றியிருக்கும் வெளிப்பகுதியிலிருந்து செறிவான கார்டிசால் வந்து நனைத்தால்தான் அந்த உட்பகுதி சரியாக உருவாகும். இந்தக் குழந்தைகளுக்கு அது வாய்க்காததால் அட்ரினலினும் குறைவு. சர்க்கரை இறங்கும்போது நமக்கு வியர்க்கும், கை நடுங்கும், படபடக்கும். அந்த எச்சரிக்கை மணியை அடிப்பது பெரும்பாலும் அட்ரினலின்தான். இவர்களுக்கு அந்த அறிகுறிகள் மங்கலாக இருக்கலாம். கொஞ்சம் வெளிறல், கொஞ்சம் சிடுசிடுப்பு, வழக்கமில்லாத நேரத்தில் தூக்கம். வெளியார் கண்ணுக்கு அது அசதி. அந்த அசதி வேறு, இது வேறு என்று தினமும் கூட இருப்பவர்களுக்குத்தான் பிடிபடும். இரவில் காய்ச்சல் என்றால் எழுப்பி, மருந்தோடு ஏதாவது இனிப்பாகக் குடிக்கவைத்துத் தூங்கப்போடுவது அதனால்தான்.

வாந்தி வந்தால் மாத்திரையை நம்ப முடியாது. மருந்து கொடுத்து அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு முறை கொடுத்துப் பார்க்கலாம். அதுவும் தங்கவில்லை என்றால் ஹைட்ரோகார்டிசோன் ஊசி. 100 மில்லிகிராம் பொடியுள்ள சிறு கண்ணாடிக் குப்பி, கலப்பதற்கான தண்ணீர், சிரிஞ்ச், பஞ்சு. பையில் இவை நான்கும் எப்போதும் இருக்க வேண்டும். கைக்குழந்தைக்கும் பள்ளி சேராத குழந்தைக்கும் 25 மில்லிகிராம், பள்ளிப் பிள்ளைக்கு 50, பெரியவர்களுக்கு 100. தொடையின் வெளிப்புறத் தசையில் போட வேண்டும். காலாவதியான குப்பி கிடைத்தால் அதைக் கரைத்து ஒரு ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகிக்கொள்ளச் சொல்வார்கள். பெற்ற பிள்ளையின் தொடையில் ஊசி ஏற்றுவது எவருக்கும் எளிதல்ல. தேவையா, தேவையில்லையா என்ற தயக்கம் கையைப் பிடித்து இழுக்கும். தேவையில்லாமல் ஒரு ஊசி போட்டுவிட்டால் கெடுதல் ஒன்றுமில்லை. தேவைப்படும்போது போடாவிட்டால் சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடலாம். போட்டுவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நடப்பதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர் இந்த நோயைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பார், நேரில் பார்த்திருக்க மாட்டார். முதலில் ரத்தம் எடுப்போம், முடிவு வரட்டும் என்பது அவருக்குப் பழகிய வரிசை. இங்கே வரிசை வேறு: முதலில் ஹைட்ரோகார்டிசோன், கூடவே உப்பும் சர்க்கரையும் கலந்த டிரிப்ஸ், பிறகு மற்றதெல்லாம். இதைச் சொல்ல வேண்டியவர் லுங்கியோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த அப்பாவாக இருப்பார். மருத்துவரிடம் நாம் எப்படிச் சொல்வது என்ற கூச்சம் அவர் வாயை அடைக்கும். அதற்காகத்தான் நோயின் பெயர், கொடுக்க வேண்டிய மருந்து, அளவு எல்லாம் எழுதி மருத்துவர் கையெழுத்திட்ட ஒரு கடிதத்தை எப்போதும் உடன் வைத்திருக்கச் சொல்கிறார்கள். தாத்தா வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று, வண்டியில் ஒன்று. பால்டிமோரில் அந்தப் பெற்றோரை யாராவது உட்காரவைத்து, வீட்டில் இவன் என்ன சாப்பிடுவான் என்று முதல் நாளே கேட்டிருந்தால் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இவ்வளவு காவலோடு வளரும் குழந்தைகள் மற்ற குழந்தைகள் போலவே பள்ளிக்குப் போகிறார்கள், மரம் ஏறுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். வெயில் காலத்தில் வியர்வையிலும் உப்பு போகுமாதலால் மோரில் கொஞ்சம் கூடுதலாக உப்பு போட்டுக் கொடுத்தனுப்பினால் போதும். ஐந்தாறு வயதில் மருந்து வேளையைத் தாங்களே நினைவூட்டத் தொடங்குவார்கள். வளர்ந்து படித்து, வேலைக்குப் போய், பிள்ளை பெற்றவர்களும் இருக்கிறார்கள்.

பெற்றோர் தங்களையே நொந்துகொள்வதுண்டு. அதற்கு இடமில்லை. குறைபாடுள்ள மரபணு ஆறாவது குரோமோசோமில் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே ஏறக்குறைய அச்சு அசலாக இன்னொரு மரபணு வேலை செய்யாமல் கிடக்கிறது. சினை முட்டையும் விந்தணுவும் உருவாகும் நேரத்தில் அந்தச் செயலற்ற பிரதியின் பிழைகள் சில சமயம் நல்ல மரபணுவுக்குள் படிந்துவிடுகின்றன. பெரும்பாலான குறைபாடுகள் இப்படி வந்தவையே. ஒரு பிழைப் பிரதி மட்டும் உள்ளவருக்கு நோய் வராது. தன்னிடம் அது இருப்பதே தெரியாது. அப்படிப்பட்ட இருவர் சேரும்போது ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் ஒரே பிழை இருவரிடமும் இருக்க வாய்ப்பு அதிகம்.

உலக அளவில் சுமார் 15,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இந்த நோயின் கடுமையான வகை வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மும்பை, டெல்லி, சென்னை, ஹைதராபாத், கொல்கத்தா ஆகிய ஐந்து நகரங்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் பச்சிளம் குழந்தைகளைப் பரிசோதித்தபோது 5,762 பேரில் ஒன்றுக்கு இருந்தது. சென்னையில் மட்டும் 2,036 பேரில் ஒன்று. ஐந்து நகரங்களில் இதுவே அதிகம். நம் ஊரில் இதை அரிய நோய் என்று சொல்வதற்கே தயக்கமாக இருக்கிறது.

இந்த நோயைக் கண்டுபிடிக்க ஒரு துளி ரத்தம் போதும். குழந்தையின் குதிகாலில் குத்தி, தாளில் ஒற்றி எடுத்து, அடைபட்ட பாதையில் தேங்கும் 17-ஹைட்ராக்சி புரொஜெஸ்டிரோன் எவ்வளவு என்று பார்க்கும் முறை 1977இலேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் எல்லா மாநிலங்களும் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இதைச் செய்கின்றன. கேரளத்தின் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே செய்கிறார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு நோய் இல்லாமலே அளவு கூடிக் காட்டுவதுண்டு, அப்போது இரண்டாம் முறை பார்க்க வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறந்தாலும், இந்தச் சோதனை நடக்க வேண்டும். ரத்தம் எடுத்தால் மட்டும் போதாது. பிறந்த மூன்றாம் நாளில் எடுத்த துளியின் முடிவு, இரண்டாவது வாரம் பிறப்பதற்குள் வந்து சேர்ந்து, யாராவது ஒருவர் அந்த வீட்டுக்குப் போன் போட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு இன்றைக்கே கிளம்புங்கள் என்று சொல்லியாக வேண்டும்.